அய்யாதுரையின் ஒரே தங்கை

2006 அக்டோபர் 4, புதன். மாலை 6.10. அச்சங்குளம்.

தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து திரும்பிய கருப்பம்மாள் சுவரைப் பார்த்ததும் அலறினாள். செத்துப்போன மகள் மாரிக்கனியின் போட்டோவைக் காணோம். பதிமூன்று வயதில், ரெண்டு வருசம் முந்திப் போனவள். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே படம்.

7.00. ஏட்டு சுலைகா வந்தாள். பூட்டு உடையவில்லை. தகரப்பெட்டியில் தோடு அப்படியே இருந்தது. சுவரில் வெறும் ஆணி. அதில் ஒரு முல்லைச்சரம், வாசனையோடு.

"சாவி எங்கன இருக்கும்?"

"நிலைக்கு மேல. ஊருக்கே தெரியும், ஏட்டம்மா."

வாசலில் கருப்பம்மாளின் புருசன், லோடுமேன் சங்கிலிமுத்து, தன் செருப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "காலையில போனவன் இப்பத்தான் வாறேன்" என்றான். யாரும் கேட்கவில்லை.

வெள்ளி காலை 9.00. சிவகாசியில் நோட்டீஸ் அடிக்க ஒரு ராத்திரி போதும். மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கும் சுயேச்சை அய்யாதுரையின் நோட்டீஸ் தெருவெல்லாம் பறந்தது. கும்பிட்ட கையோடு அவர், பக்கத்தில் மாரிக்கனி. கீழே: 'வெடிவிபத்தில் நான் பறிகொடுத்த ஒரே தங்கை.'

இந்தத் தங்கை ஏற்கெனவே வெம்பக்கோட்டைக் கூட்டத்தில் பாம்பு கடித்துச் செத்திருந்தாள். ஓட்டு எங்கே இருக்கிறதோ, அங்கே போய்ச் சாகிற தங்கை.

10.30. சுலைகா வேட்பாளரின் ஜீப்பை மறித்தாள்.

"யார் படம், அண்ணாச்சி?"

"என் தங்கச்சி."

"எந்த வருசம் செத்தாக?"

"எழுபத்தெட்டு."

"கவுன்சிலருக்கு நிக்கிறவுக வீட்ல அப்பவே கலர் போட்டோவா?"

அய்யாதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கூடப்பிறக்கல. தங்கச்சி மாதிரி." ரெண்டு தரம் துடைத்தபின், "ஒருத்தன் கையில குடுத்தான். யாருன்னு ஞாபகமில்ல. நான் திருடல, நம்புங்க தங்கச்சி."

தங்கச்சி என்றதும் சுலைகாவுக்குத் தன் ஆயுசைப் பற்றிக் கொஞ்சம் பயம் வந்தது.

11.15. வீட்டில் கருப்பம்மாள் மடியில் ஒரு முழம் பூவோடு இருந்தாள்.

"வெள்ளிக்கிழமைன்னு வாங்கிட்டேன். எதுக்குப் போட?"

"மத்த நாள் போட மாட்டீகளா?"

"பூ எம்புட்டு விலை விக்குது! வாரம் ஒரு தடவதான்."

சுலைகா வாசலில் இருந்த சங்கிலிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப புதன்கிழமை ஆணியில புதுப்பூ எப்படிண்ணே? படத்தை எடுத்தவனுக்கு வெறும் ஆணியைப் பாக்கச் சகிக்கல. பூ வாங்கி மாட்டிட்டுப் போயிருக்கான். எந்தத் திருடன் அப்படிச் செய்வான்? நாங்க எல்லாரும் இல்லாத படத்தைத்தான் பாத்தோம். இருந்த பூவைப் பாக்கல. எடுத்தது நீங்கதான்."

சங்கிலிமுத்து எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"பிள்ளை பட்டாசுக் கம்பெனியில வெடிச்சுத்தான் செத்தா. சின்னப்பிள்ளையை வேலைக்கு அனுப்புனதுக்கு உன்னையும் உள்ள வைப்பாகன்னு கம்பெனிக்காரக மிரட்டுனாக. வீட்ல அடுப்புல விழுந்துட்டான்னு ஸ்டேசன்ல கைநாட்டு வச்சேன். படத்தைக் குடுத்தா வெடிச்சதை மைக்குல சொல்றேன்னார் அய்யாதுரை. யார் தங்கச்சியாவோ இருந்துட்டுப் போகட்டும். எப்படிச் செத்தாங்கிறது ஒரு தடவையாச்சும் சத்தமாக் கேக்கணும்னு இருந்துச்சு."

"கேட்டீகளா?"

"நேத்து ஆனைக்குட்டம் கூட்டத்துக்கு அவர் பின்னாலயே போனேன். படத்தைத் தூக்கிக் காட்டி, அணையில மூழ்கிட்டான்னார்."

"சும்மாவா நின்னீக?"

"வெடியில செத்த என் மகடான்னு கத்தினேன். 'உன் மக அடுப்புல விழுந்தான்னுதானலே ஸ்டேசன்ல எழுதிக் குடுத்த?'ன்னு மைக்குலயே கேட்டார். சனம் சிரிச்சது."

கருப்பம்மாள் மடியிலிருந்த பூ சரிந்து தரையில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"படத்தை வாங்கித் தருவீகளா?"

"அவர் இன்னும் தங்கச்சி மாதிரிங்கார். புகார் எழுதிக் குடுங்க." சுலைகா பேனாவைத் திறந்தாள். "யார் பிள்ளை, எப்படிச் செத்தான்னு முதல்ல கேப்பாக."

கருப்பம்மாள் ஆணியைப் பார்த்தாள், பிறகு பேனாவை.

"எதைச் சொன்னா குடுப்பாக, ஏட்டம்மா?"