சுவரில் பொய் ரத்தம்

ஹெல்வான் நகரில் அந்தப் பழைய வீட்டின் முன்னால் காலை எட்டு மணிக்கு எங்கள் வேன் நின்றது. நான் இல்ஹாம், ஒப்பனைக்காரி. படத்தின் வில்லன் என் கணவன் ஷுக்ரி. பதினாறு வருடம் துணை வேடங்களில் தேய்ந்தவனுக்கு இதுதான் முதல் பெரிய வேடம்.

படப்பிடிப்பு தொடங்கும் நாளில் ஆடு அறுத்து, ரத்தத்தில் கை தோய்த்துச் சுவரில் பதிப்பது எங்கள் வழக்கம். கண்ணேறு கழியும், வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் மற்றவையும் விலகிப்போகும். இயக்குநர் ரஊஃப் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஆட்டுக்குப் பதில் என் பெட்டியிலிருந்த பொய் ரத்தத்தைத் தட்டில் ஊற்றச் சொன்னார். சர்க்கரைப் பாகும் சாயமும்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை பதித்தார்கள். ரத்தம் என்றாலே மயங்கும் ஷுக்ரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பதித்தான்.

"வீட்டுக்கே பொய் ரத்தம் காட்டுறீங்களே," என்றார் காவலாளி தஸூகி. "இதுக்கு நிஜம் பழக்கம்மா."

கதைத்தாளில் வில்லனுக்குச் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்று எழுதியிருந்தது. ரஊஃபைப் பொறுத்தவரை அதற்குக் கண்ணுக்குக் கீழே மை, இருட்டில் சிரிப்பு, கத்தியை நாக்கால் தடவுவது என்று பொருள். நூறு படத்தில் பார்த்த அதே கோமாளித்தனம். பாவம், சிரித்துச் சிரித்து ஷுக்ரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மதியம் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈர மண் வாடை வந்தது.

கதவோரம் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் தேநீர்க் கிளாஸோடு நின்றார். கிளாஸைப் பிடித்த வலது கையில் சுண்டுவிரல் இல்லை. துணை நடிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

"சிரிக்காதே தம்பி," என்றார் மெதுவாக. "அவ அழறப்ப உனக்கு அலுப்புதான் வரும். கடிகாரத்தைப் பாரு. அப்புறம், சாப்பிட்டியான்னு கேளு."

அடுத்த காட்சியில் ஷுக்ரி அப்படியே செய்தான். எதிரே அழுத நடிகை நிஜமாகவே பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

"அந்தச் சுண்டுவிரல் இல்லாதவர் யாரு?" என்று தஸூகியிடம் கேட்டேன்.

அவர் முகம் வெளிறியது.

"இந்த வீட்டுக்காரன். பொண்டாட்டியைக் கொன்னுட்டு, பக்கத்து அறையில உக்காந்து ரொட்டியும் ஃபூல் பயறும் தின்னவன். தூக்குல போட்டு முப்பது வருஷம் ஆச்சு. புருஷனைக் கூட்டிட்டுப் போயிடு மகளே."

கெஞ்சிப் பார்த்தேன்.

"பதினாறு வருஷம் காத்திருந்தேன், இல்ஹாம்," என்றான் ஷுக்ரி. "என் சோத்துல மண்ணள்ளிப் போடாதே."

அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்தான். வந்தவன் என் கணவன்தானா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் விரலில் ஊசி குத்தினாலே அதைப் பிடித்துக்கொண்டு அவன் அழுவான். அதனால் ஒரு பிற்பகல் சமையலறையில் வேண்டுமென்றே கிளாஸை உடைத்து உள்ளங்கையைக் கீறிக்கொண்டேன். ரத்தம் தரையில் கொட்டியது. வலியில் அழுகை தானாக வந்தது.

அவன் வந்து நின்றான்.

"என் கையைப் பாரு, ஷுக்ரி."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?"

குளியலறைக்கு ஓடித் தாழ்போட்டேன். துணியைக் கிழித்துக் காயத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் கழித்து வெளியே வந்தேன். சமையலறைத் தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஈர மண் வாடை.

சுவரில் ஒரு வலது கை பதிந்திருந்தது. இது சர்க்கரைப் பாகு இல்லை.

ஷுக்ரி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை விலக்கி அவன் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஐந்து விரல்களும் இருந்தன.

சுவரில் நான்குதான்.