சாம்பல் குதிரையின் சின்னக் கண்ணாடி

மரத் தடுப்பில் பதித்த சின்னக் கண்ணாடி லேசாகத் திரும்பியது. அந்தச் சின்ன இடைவெளியில் இரண்டு கண்கள்... சாம்பலும் பச்சையும் கலந்த, மழையில் நனைந்த கண்கள். இமை நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற வெரிட்டி, ‘என்ன வேணும்?’ என்று கேட்கவே மறந்துபோனாள்.

“இது வழியா ஆர்டர் சொல்லலாமா? இல்ல, யாராவது திட்டுவாங்களா?” என்றது கண்களுக்குச் சொந்தமான குரல்.

“சொல்லலாம். திட்டு தனி... அதுக்குக் காசு வாங்குறதில்ல.”

கண்கள் சிரித்தன. ஒரு பைன்ட் பீர் கேட்டன. வெரிட்டி பீர் பம்ப்பின் கைப்பிடியை இழுத்தாள். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியவள், அன்று கையெல்லாம் நுரையாக்கிக்கொண்டாள்.

இங்கிலாந்தின் போல்ட்டனில் அந்தத் தெருவுக்கே ‘சாம்பல் குதிரை’தான் பப். பச்சை ஓடு பதித்த சுவர், கணப்பு, டொமினோ ஆடும் முன்னறை... கவுண்டரின் இடப்பக்கம் ஒரு மரத் தடுப்பு, அதற்குப் பின்னால் நாலு பேர் உட்காரும் சின்ன அறை. தடுப்பில் முகத்தளவு உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். பூ செதுக்கிய மங்கல் கண்ணாடி, ஒவ்வொன்றும் அச்சில் திரும்பும். குடிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்த அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்காகச் செய்தது. உள்ளே இருப்பவர் திறந்தால் பேசலாம். மூடினால் தொந்தரவு செய்யக் கூடாது. கவுண்டர் பக்கத்திலிருந்து அதைத் திருப்புவது மட்டும் கூடவே கூடாது. வெரிட்டியின் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து ஒருத்தரும் திருப்பியதில்லை.

அந்தத் தடுப்புக்குத்தான் இப்போது ஆபத்து. கட்டடம் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தம். தடுப்பைப் பெயர்த்து, அறைகளை ஒன்றாக்கி, சாப்பாட்டுக் கடை போடப் போகிறார்களாம். அளவெடுக்க ஆள் வருமாம். அப்படி நடந்தால் வெரிட்டிக்கும் அவள் அப்பா கிளிஃபோர்டுக்கும் கடையும் இல்லை, மாடியில் குடியிருக்கும் வீடும் இல்லை.

அதனால் அந்த மாதம் முழுக்கத் தெரியாத முகம் எது வந்தாலும் வெரிட்டி முறைத்தாள். கேஸ் மீட்டர் பார்க்க வந்த பாவப்பட்ட மனிதரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு வியர்க்க வைத்துவிட்டாள். ஆனால் இந்தக் கண்களை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் மனசு எங்கேயோ வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறது, என்ன செய்வது!

அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரன் செவ்வாய்க்கிழமையும் வந்தான். புதனும் வந்தான். சாயங்கால மழையும் அவனும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றாகவே வந்தார்கள். பேர் ரோவன், ஊர் லங்காஸ்டர் பக்கம். உருளைக்கிழங்கும் கறியும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றை வாங்கிக்கொண்டு சின்ன அறையில் உட்கார்ந்துகொள்வான். கண்ணாடி திரும்பும். அவள் கிளாஸ் துடைத்துக்கொண்டே பேசுவாள். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டாள். “கட்டடம் சம்பந்தமா...” என்று இழுத்துவிட்டுப் பேச்சை மாற்றினான். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கவனித்தது வின்னிதான். முன்னறையில் டொமினோ ஆடும் வின்னிப் பாட்டிக்கு வயதும் அதிகம், வாயும் அதிகம்.

“ஏண்டி, தெருவுல போற நாய்க்குக்கூட ‘என்ன வேணும் கண்ணு’ங்கிற. உள்ள இருக்கிறவனை மட்டும் ஏன் கண்ணுன்னு கூப்பிடல?”

“மறந்திருப்பேன்.”

“ம்... தெனமும் மறக்குதோ?”

அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். பஸ் ஓட்டுநர் முதல் பல் டாக்டர் வரை. அந்த வார்த்தையை அவனிடம் சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். வின்னியிடம் அதைச் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். ஆனால் கண்ணாடி திறக்கவே இல்லை.

அவள் காத்திருந்தாள். துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள். கோபமா? உடம்பு சரியில்லையா? நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா... உள்ளே ஏதோ சத்தம் கேட்டதால்தான் திருப்பினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அது பொய். சத்தம் பிறகுதான் கேட்டது. அவனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அவள் விரல் நீண்டது. யாரும் செய்யாததைச் செய்தது.

கண்ணாடி திரும்பியது.

அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தான். கையில் இரும்பு டேப். தடுப்பின் உச்சியிலிருந்து கீழ்வரை இழுத்துப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் கை நழுவ, டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது.

“கம்பெனி ஆளா நீங்க?”

அவன் கீழே இறங்கினான். “ஆமா... அவங்கதான் அனுப்பினாங்க. ஆனா வெரிட்டி, நான் சொல்றதை...”

“இந்த வாரம் பூரா எங்கிட்ட பேசினது... உள்ள என்ன இருக்கு, எது பழசு, எது யாரு வச்சதுன்னு கேட்டுக்கிட்டது... எல்லாம் அளவுக்குத்தானா?”

“இல்ல.”

“எங்க வீட்டை இடிக்க எங்க கையாலயே பை வாங்கித் தின்னீங்களே!” அவள் வாசலைக் கைகாட்டினாள். “வெளிய போங்க, கண்ணு.”

முதல்முறையாகச் சொன்னாள், அதுவும் இப்படி. முன்னறையில் டொமினோக் காய் வைக்கும் ஓசை நின்றுவிட்டது. அவன் என்னவோ சொல்ல வாய் எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

வின்னி திட்டினாள். அவனைத் துரத்தியதற்காக அல்ல... கண்ணாடியைத் திருப்பியதற்காக. “உங்க கொள்ளுத்தாத்தா இருந்திருந்தா உன்னைத்தான் முதல்ல வெளிய அனுப்பியிருப்பாரு” என்றாள்.

அடுத்த வாரம் வெரிட்டிக்கு எப்படிப் போனது என்றே தெரியவில்லை. அதிகம் பேசாத அப்பா மாடிச் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தார். சாயங்காலமானால் மழை வந்தது, அவன் வரவில்லை. வரக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். ஆனாலும் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை எழும்பி அடங்கியது. அந்த நெஞ்சின் மேல் அவளுக்கே எரிச்சல்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து மிஸஸ் ஹாலம் வந்தாள். நல்ல கோட்டு, நல்ல செண்டு, குரலில் மட்டும் ஐஸ். பின்னாலேயே ரோவன். வெரிட்டி அவனைப் பார்க்காமல் நின்றாள். கிளிஃபோர்டு நிலவறைப் படியில் வந்து நின்றார். முன்னறை மொத்தமும் கழுத்தைத் திருப்பியது.

மிஸஸ் ஹாலம் தடுப்பைக் கையுறைக் கையால் தட்டிப் பார்த்தாள். “இதைக் கழட்ட எவ்வளவு நாள் ஆகும், மிஸ்டர் ஆஷ்வொர்த்?” என்று ரோவனிடம் கேட்டாள்.

ரோவன் தடுப்பின் ஓரத்தில் கையை வைத்தான்.

“கழட்ட முடியாது.”

“முடியாதுன்னா? ஆணி அடிச்ச மரம்தானே?”

“மரம்தான். ஆனா இது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம்னு இன்னிக்குக் காலையில நகரசபை தடை போட்டிருக்கு. இந்தச் சுவர்ல பதிச்ச ஒரு ஓட்டைக்கூட யாரும் தொடக் கூடாது. உங்க ஆபீஸுக்கும் தகவல் வந்திருக்கும்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “தடை கேட்டு விண்ணப்பிச்சது நான்தான். போன வெள்ளிக்கிழமை எடுத்த அளவெல்லாம் நகரசபைக்காக எடுத்தது. உங்க வேலை எனக்கு வேண்டாம் மேடம். ஃபோன்ல சொல்ல மனசு வரல, நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

மிஸஸ் ஹாலம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இனி இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவனைக் கூப்பிடாது என்பதை ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். தடை ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும், அதையும் பார்த்துக்கொள்வோம் என்றாள். செண்டு வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

யாரும் கை தட்டவில்லை. அந்த ஊரில் அதெல்லாம் வழக்கமில்லை. வின்னி மட்டும் “உன் ஆட்டம்தான், வை” என்று எதிரே இருந்தவரை அதட்டினாள். டொமினோ மறுபடி தொடங்கியது. கிளிஃபோர்டு ரோவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை ஒருமுறை ஆட்டினார், நிலவறைக்குள் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு.

வெரிட்டி கவுண்டர் ஓரத்து மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

“வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க விட்டாத்தானே.”

“அதுக்கு முந்தி இத்தனை நாள் இருந்துச்சே?”

“இருந்துச்சு. கம்பெனிக்கு அளக்க வேண்டியதை முதல் நாளே அரை மணி நேரத்துல அளந்து முடிச்சுட்டேன். அப்புறம் வந்ததெல்லாம்...” அவன் நிறுத்தினான். குனிந்து அவளைப் பார்த்தவன் திகைத்தான். “நீங்க இவ்வளவு குள்ளமா?”

“கவுண்டருக்கு உள்ள தரை உசரம். பேச்சை மாத்தாதீங்க.”

“யாருன்னு சொன்னா அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்க மாட்டீங்கன்னு பயம். தப்புதான், வெரிட்டி. மன்னிச்சிருங்க.”

அவள் தரையைப் பார்த்தாள். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது தொண்டையில் முள் மாதிரி நிற்கும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ஆனால் எதிரே நிற்பவன் தன் பிழைப்பையே விட்டுவிட்டு நிற்கிறான்.

“ஆறு மாசம் கழிச்சு இது போயிட்டா?” என்று மெதுவாகக் கேட்டாள். “தடுப்பு இல்ல, கடை இல்ல... நான் எங்கயாவது சூப்பர்மார்க்கெட்டுல பால் பாக்கெட் அடுக்கிக்கிட்டு இருப்பேன். அப்ப?”

“பால் வாங்க வருவேன்.”

“விளையாடாதீங்க.”

“விளையாடல.” அவன் குரல் தாழ்ந்தது. “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு பீரே பிடிக்காது.”

“என்னது?”

“வாயில வைக்க முடியல. வேற ஏதாவது கேட்டா சந்தேகப்படுவீங்கன்னு தெனமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். உங்களைப் பார்க்கணும்னா வேற வழி தெரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். முன்னறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், இந்தத் தடவை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“கேளுங்க ரோவன். நீங்க வர்ற வரைக்கும் வீடு போயிடுமேன்னு பயந்தேன். இந்த வாரம் பூரா அந்த நினைப்பே வரல. இந்தக் கடை போனா நீங்க இங்க வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காதேன்னு... அதை நினைச்சுத்தான் தூங்கல.”