நகத்தில் சுழலும் அம்பு

நேரான அம்பைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றினால் மெல்லச் சீறும்; கோணலானது தடதடக்கும். அம்பு செய்யும் நெவ்சாத் உஸ்தாவின் நகத்தில் சுழன்ற இந்த அம்போ இருமியது, போன குளிர்காலத்தில் கடையைக்கூடப் பூட்டாமல் காணாமல் போன அம்புத் தச்சன் கெனானைப் போலவே.

அம்பு பக்கத்துக் கடை செலாஹத்தினுடையது. சற்றுமுன் அவனே கொண்டுவந்து வைத்தான்.

"தொழுதுட்டு வந்துடறேன் உஸ்தா. பாத்துக்கோ."

"நான் பாத்தா கண்ணு பட்டுடப் போகுது!"

"படட்டும். அதுக்குத்தானே உங்கிட்ட வெக்கிறேன்."

நாளை ஓக்மெய்தான் வில்போட்டித் திடலில் இது பழைய எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் அங்கே புதுக்கல் நடுவார்கள். இஸ்தான்புல் அரண்மனையின் அம்பு வேலை மொத்தமும் அவனுக்கு. நெவ்சாத் மிச்ச ஆயுளுக்கும் அவன் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கதவைச் சாத்தினான். மீன்பசை வாடை கனத்த அறையில், தெற்குக் காற்று பலகை இடுக்கில் முனக, அம்பின் நடுவயிற்றில் இழைப்புக் கத்தியை வைத்து, ஒரு மயிரிழை குறைந்தாலும் பறக்கும்போது தள்ளாடிவிடும் என்ற தெம்பில் மெல்ல இழுத்தான். சுருள் விழுந்தது. வெள்ளையாக, ஈரமாக. பைன் மரத்தின் மணம் இல்லை.

தராசில் வைத்தான். எடை குறையவில்லை.

மறுபடி இழைத்தான். அதே எடை. விரலிலிருந்து வெள்ளி மோதிரம் கழன்று தரையில் உருண்டது. அத்தோடு நிறுத்தியிருப்பான். வெளியே யாரோ வாடிக்கையாளர் குரல்: "செலாஹத்தின் கடை மூடியிருக்கா? அப்ப நாளைக்கே வரேன். பக்கத்துல வாங்கறதுக்கு வெறுங்கையோடயே போலாம்."

வெறிகொண்டு இழைத்தான். சுருள்கள் முழங்கால்வரை. சட்டைக்கை தொளதொளத்தது. கத்தி கனத்தது. இடுப்புவார் நழுவியது. சுருள்களில் வாடை. அவன் வியர்வை வாடை.

கத்தி விழுந்தது. பிடிக்கக் கையில்லை.

கதவு திறந்தது. வேலைப் பலகையில் அம்பு, கீறலின்றி. செலாஹத்தின் அதைத் தொடவில்லை. சுருள்களுக்குள் கைவிட்டு நெவ்சாத்தை எடுத்தான். இரண்டு விரலில். ஒரு கண்ணை மூடி, தலையிலிருந்து கால்வரை நோட்டம் பார்த்தான்.

"கெனானவிட நேரா வந்திருக்கே, உஸ்தா."

கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றினான். கூரை சுழன்றது. சுவர் சுழன்றது. நெவ்சாத் அலறினான்.

மெல்லிய சீறல். தடதடப்பே இல்லை.