இருதயம்மாள் வீட்டு நாய்ச் சங்கிலி

ஜூலி குரைக்கவில்லை. மேட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே லயத்து வீடுகள் முழுவதையும் கூட்டிவிடுகிற நாய், இன்று அடுப்படி மூலையில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, சிமெண்டுத் தரையையே வெறித்துக்கொண்டிருந்தது.

"வா கண்ணு, கம்பம்மெட்டுக்குப் போவோம்" என்று ராமுத்தாய் அதன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டினாள். போன வருடம் மலை சரிந்த உருள்பொட்டலில், கட்டிப்போட்ட இடத்திலேயே மண்ணுக்குள் போன நாய்களை அவள் கண்ணால் கண்டவள். அதனால் இந்த மழைக்கு முன்னதாகவே அவலும் பிஸ்கட்டும் ஊசி போட்ட அட்டையும் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். நிவாரணக் கேம்பில் நாய்களுக்கு இடமில்லை. கம்பம்மெட்டு நாத்தனாரிடம் சொல்லி, டிரைவர் ரிஜினின் ஜீப்பையும் பேசியாயிற்று. மற்ற வீடுகள் காலையிலேயே காலியாகியிருந்தன.

பொழுது மதியம்தான். ஆனாலும் தேயிலைக்காட்டின் மேல் மேகம் கவிழ்ந்து, வாசலைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. தகரத்தில் மழை இடைவிடாமல் அறைந்தது. ஈரச் சாக்கின் வாடையும் அணைந்த அடுப்பின் கரிவாடையும் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியிலிருந்து, புதிதாய்த் தோண்டிய குழியின் வாடை கிளம்பி வந்தது. அதோடு ஒரு சத்தமும். தரைக்குக் கீழே. தண்ணீர் ஓடுகிறதென்று நினைத்துக் குனிந்தாள். தண்ணீரில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு நாய் இரைக்கிற சத்தம்.

ஜூலியின் வாய் மூடியிருந்தது.

"ஏ புள்ள! இங்கன ஓடியா!"

புருஷன் நல்லதம்பியின் குரல். பக்கத்து வீட்டு இருதயம்மாள் கேம்புக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போன நாயை அவிழ்த்துவிடப் போயிருந்தான். ராமுத்தாய் ஜூலியை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

கொய்யா மரத்தில் கட்டிய சங்கிலி விறைத்து நின்றது. நாயைக் காணோம். மண்ணில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து. சங்கிலி அதற்குள் போயிருந்தது.

"உசுரோட கெடக்கு. இழுக்குது பாரு."

"விட்டுட்டு வாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

"வாயில்லா சீவனப் போட்டுட்டா போகச் சொல்ற?"

மரத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி, வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி அவன் இழுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். பிறகு பட்டை வந்தது. பட்டையோடு தலையும் வந்தது.

தலை மட்டும்.

கழுத்து பிய்ந்து தொங்கியது. வெட்டியதுபோல் இல்லை, துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. நல்லதம்பி கையை உதறிச் சங்கிலியை விடுவிக்கப் பார்த்தான்.

உள்ளேயிருந்து யாரோ அந்தத் தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள்.

குப்புற விழுந்தான். கை தோள்வரை பொந்துக்குள் போயிற்று. மடக்கென்று எலும்பு ஒடிந்தது. மழையை மீறிக் கேட்டது. அவன் அலறினான். கயிற்றை விட்டுவிட்டு அவள் அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"விடாத ராமு! விட்டுறாத!"

அவன் தலையும் உள்ளே போயிற்று. மார்பு சிக்கியது. மறுபடி ஒரு இழுப்பு. விலா நொறுங்கியது. பொந்தின் விளிம்பில் ரத்தம் குமிழியிட்டது. இடுப்பு. தொடை. அவள் கையில் ரப்பர் பூட்ஸ் ஒன்று மட்டும் மிச்சம்.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மேட்டில் ரிஜின் ஆரன் அடித்தான். எழுந்து ஓடவேண்டும். பூட்ஸைப் போட்டுவிட்டுக் கையை ஊன்றினாள்.

"ஜூலி."

பொந்துக்குள்ளிருந்து. நல்லதம்பியின் குரல். வலியில்லை, பதற்றமில்லை. சாயங்காலம் சோறு வைக்கக் கூப்பிடுகிற குரல்.

"ஜூலி... இந்தா... இந்தா..."

ஜூலியின் வால் ஆடியது. ராமுத்தாய் பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். "போகாத கண்ணு. அது அவரில்ல. போகாத!" நாய் திரும்பியும் பார்க்கவில்லை. வயிற்றால் ஊர்ந்து விளிம்புக்குப் போயிற்று.

சேறு அப்பிய ஒரு கை மேலே வந்தது. மணிக்கட்டில் சங்கிலி தோலைக் கிழித்து எலும்பில் பதிந்திருந்தது. அவன் வலது கைதான். அது ஜூலியின் தலையைத் தடவிக் கொடுத்தது. காதுக்குப் பின்னால் சொறிந்தது. பிறகு வாயோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தது.

அதன் பக்கத்திலேயே இன்னொரு கை வந்தது. கயிற்றைத் தொட்டது. கயிற்றோடு தடவித் தடவி, மெதுவாக, ராமுத்தாயை நோக்கி நீண்டது.

அதுவும் வலது கை.