சுள்ளியின் சுட்ட கிழங்கு

சுள்ளிக்குக் கோபம் முதலில் காதில்தான் வரும். காது மடல் சூடாகும். அப்புறம் கழுத்து, அப்புறம் கை. அது வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது.

அந்தப் பெயரை வைத்தது அண்ணன். "ஒல்லியா இருக்கா, டக்குனு பத்திக்கறா. வேற என்ன பேர் வைக்கறது?" என்றான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை காது சூடானதற்குக் காரணம் பெரியப்பா. வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சுள்ளி, இன்னிக்கும் கல்லு சுடப் போறியா? முன்னாடியே சொல்லியிருந்தா பல்லைக் கழட்டி வீட்லயே வெச்சுட்டு வந்திருப்பேனே!"

பெரியம்மா சிரித்தார். அப்பா சிரித்தார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுள்ளியும் சிரித்தாள். சிரிக்கும்போதே காது சுட்டது.

அது போன வருஷத்துக் கதை. அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். பழைய இரும்பு டிரம்மை நெடுக்காக வெட்டி, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டு ஒரு கிரில் அடுப்பு செய்து மொட்டை மாடியில் வைத்திருந்தார். பெரியப்பா வீட்டிலிருந்து வந்தால் அதில்தான் சமையல். கோழி அப்பாவின் வேலை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சுடுவதைச் சுள்ளி கேட்டு வாங்கினாள். பச்சைக் கிழங்கை இரண்டாக வெட்டி நேராக நெருப்பில் வைத்தாள். வெளியே கரி, உள்ளே கல். பெரியப்பா ஒரு கடி கடித்தார். அவருடைய கட்டுப்பல் கழன்று தட்டில் விழுந்தது. டங்!

அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பெரியப்பா அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். முதலில் பல் தட்டில் விழுந்தது. பிறகு தட்டிலிருந்து எகிறியது. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது பல் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது.

அம்மா காலையில் சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவையும் சரியா வரலைன்னா விட்டுடு கண்ணு. அடுத்த தடவையிலேர்ந்து நீ தட்டு எடுத்து வெச்சாப் போதும்."

அம்மா அதைத் திட்டிச் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சுள்ளிக்குத் தோன்றியது.

ஆனால் இந்த முறை அவளிடம் ஒரு வழி இருந்தது. பள்ளி விட்டு வந்து, யாரும் இல்லாதபோது, ஒற்றைக் கிழங்கை வைத்துப் பலமுறை பழகியிருந்தாள். முதலில் தோலோடு தண்ணீரில் பாதி வேக்காடு. முள்கரண்டியால் குத்தினால் பாதி தூரம் போய் நிற்க வேண்டும். அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

அன்றும் அப்படித்தான் செய்தாள். முள்கரண்டி சரியாகப் பாதியில் நின்றது. அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடினாள். கரி பிடித்ததா என்று பார்க்க மாடிக்கு ஓடினாள்.

அங்கே அம்மாவும் பெரியம்மாவும் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அட்டையால் கரியை விசிறிக்கொண்டிருந்தான். "வந்துட்டாங்கய்யா கல் வியாபாரி!"

"உன் வேலையைப் பாரு."

"சுள்ளி, இந்த வலையைப் பிடி. எண்ணெய் தடவணும்," என்றார் அப்பா. அவள் பிடித்துக்கொண்டாள். "நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று பெரியப்பா கீழே போனார். ஊற வைத்த கோழியை எடுத்து வர அண்ணனும் போனான். அண்ணன் உடனே வந்துவிட்டான். பெரியப்பா வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்ததும், "என் கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், யாராவது பார்த்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டார்.

ஒட்டியிருந்த பழைய கரியைச் சுரண்டி, வலை முழுக்க எண்ணெய் தடவி முடிந்ததும் சுள்ளி கீழே போனாள். பாத்திரத்தைத் திறந்தாள்.

தோல் வெடித்திருந்தது. முள்கரண்டியை வைத்தாள். வெண்ணெயில் இறங்குவதுபோல அடிவரை இறங்கியது. பாத்திரம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. யாரோ அடுப்பை மறுபடி பற்ற வைத்து, நன்றாக வேகவிட்டு, அணைத்திருக்கிறார்கள். இவ்வளவு குழைந்த கிழங்கைக் கம்பியில் வைத்தால் பிய்ந்து கரியில் விழும்.

காது, கழுத்து, கை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறுவதற்குள் வாய்க்கே வந்துவிட்டது.

"எதுக்குடா அடுப்பைப் பத்த வெச்சே? நான் நல்லா பண்ணிடுவேன்னு பொறாமையா?"

அண்ணன் வாயைப் பிளந்தான். "நானா? நான் கோழியை எடுக்கத்தானே போனேன்?"

"பொய்! கீழே போனது நீதான்!"

"ஏய், நான் தொடவே இல்ல! உன் கிழங்கு யாருக்கு வேணும்?" அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் மாடியின் மறு மூலைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். அவன் காதும் சிவந்திருந்ததை அவள் அப்போது பார்க்கவில்லை.

"சரி விடு," என்றாள் அம்மா. "நான் வந்து மசிச்சுத் தரேன். அதுவும் நல்லாத்தானே இருக்கும்?"

"வேண்டாம்! யாரும் எதையும் தொடாதீங்க!"

சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். தண்ணீரை வடித்துக் கிழங்குகளைத் தட்டில் கொட்டினாள். அவை ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றின் மேலும் கோபம் வந்தது. அம்மா சொன்ன தட்டு எடுத்து வைக்கும் வேலைதான் மிச்சம். அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் தட்டுகள். டம்ளரை எடுத்து அதன் அடிப்பாகத்தால் ஒரு கிழங்கின் தலையில் ஓங்கி வைத்தாள். தப்!

கிழங்கு சிதறவில்லை.

சப்பையாகிவிட்டது. ஓரமெல்லாம் பிளந்து பூப்போல விரிந்திருந்தது. ஆனால் தோல் அதை விடாமல் பிடித்திருந்தது. சுள்ளி குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் தூக்கினாள். முழுசாக வந்தது. இப்போது அது கம்பி இடைவெளியைவிட அகலம். அதன் வழியே கீழே விழவே விழாது.

அடுத்ததைக் கோபமில்லாமல் மெதுவாக அமுக்கினாள். இன்னும் அழகாக வந்தது.

எண்ணெயையும் உப்பையும் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு டப்பா மேல், ஒரு மூக்குக்கண்ணாடி. அதில் ஆவி படிந்து காய்ந்த தடம்.

அதே நேரம் கதவு மெல்லத் திறந்தது.

"சுள்ளி... என் கண்ணாடி இங்க ஏதாவது..."

"இருக்கு. அடுப்புகிட்ட."

பெரியப்பா கண்ணாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"குத்திப் பார்த்தேன்மா. கெட்டியா இருந்துச்சு. ஐயோ, போன வருஷம் மாதிரியே ஆயிடுமேன்னு பயந்துட்டேன். உன்னை எல்லாரும் மறுபடியும் கேலி பண்ணுவாங்களே. அதான் சத்தம் போடாம வேக வெச்சுட்டேன். என் பல்லுக்கும் கொஞ்சம் பயம்தான்."

"என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கலாம்."

"பாவம், அண்ணனைத் திட்டிட்டேன். அவன் அங்க திட்டு வாங்கறப்ப நீங்க பேசாம நின்னீங்க."

பெரியப்பா கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுள்ளிக்கு இப்போது ஒன்று புரிந்தது. கோபம் கிழங்குக்காக மட்டும் இல்லை. அது ஒரு வருஷமாகவே உள்ளே உட்கார்ந்திருந்தது. அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"மத்தவங்க தானாக் கேலி பண்ணலை பெரியப்பா. நீங்கதான் பண்ண வைக்கறீங்க. பல்லு கதையைச் சொல்லிச் சொல்லி. அது எனக்குப் பிடிக்கவே இல்ல."

"நீயும் சிரிப்பியேம்மா?"

"எல்லாரும் சிரிக்கறப்ப நான் மட்டும் என்ன பண்றது?"

துடைத்த கை நின்றது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார், அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல.

"எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார். பிறகு தட்டைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் நான் அமுக்கட்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அமுக்கட்டுமா? இல்ல, வேண்டாமா?"

சுள்ளி யோசித்தாள். இன்னொரு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள். "மெதுவா. ரொம்ப அமுக்கினா தோல் கிழிஞ்சுடும்."

மாடியில் அண்ணன் இன்னும் மூலையில்தான் நின்றான். சுள்ளி தட்டோடு அவன் அருகில் போனாள். மன்னிப்புக் கேட்பது கிழங்கு சுடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நீ இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"பின்ன யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன். வந்து விசிறேன், அனல் பத்தலை."

"நல்லாத் திட்டிட்டு இப்ப வேலை வேற வாங்கறா பாரு," என்று முணுமுணுத்தபடியே வந்து அட்டையைப் பொறுக்கினான்.

கிழங்குகள் கம்பியில் உட்கார்ந்ததும் 'சுர்' என்றன. "திருப்பு, திருப்பு, கருகிடும்," என்றார் அப்பா.

"இருங்கப்பா. கம்பியில ஒட்டிட்டிருக்கிறப்ப இழுத்தா பிஞ்சுடும். மொறுமொறுப்பானதும் அதுவே விடும்."

காத்திருந்தாள். இடுக்கியால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் விடவில்லை. மறுபடி காத்திருந்தாள். ஓரங்கள் பொன்னிறமாகி, மணம் மாடி முழுக்கப் பரவியபோது, முதல் கிழங்கு தானாகக் கம்பியை விட்டது. அதை அண்ணனுக்குக் கொடுத்தாள்.

மொறுக்!

அண்ணன் சுடச் சுட மென்றபடி கையை மறுபடி நீட்டினான். அது போதும்.

எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோழி மிச்சமிருக்கும்போதே கிழங்குத் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

"கிழங்குன்னா அந்தப் பல்லு கதை இல்லாம எப்படி?" என்றார் பெரியம்மா. "சொல்லுங்களேன்."

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். சுள்ளியின் காது சூடாகத் தொடங்கியது.

"அது பழசு. இனிமே அந்தக் கதை கிடையாது," என்றார் அவர். "புதுசா ஒண்ணு இருக்கு. அடுத்தவங்க அடுப்பைக் கேட்காமப் பத்த வெச்ச ஒரு ஆளோட கதை. ஆனா அதைச் சொல்லலாமான்னு அடுப்புக்காரங்களைத்தான் கேட்கணும்." சுள்ளியின் பக்கம் திரும்பினார். "சொல்லட்டுமா?"

அண்ணன் கடிப்பதை நிறுத்தினான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

சுள்ளியின் வாயில் கிழங்கு இருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஓரத்தை மொறுக் மொறுக் என்று மென்று, முழுங்கி, தண்ணீரும் குடித்தாள்.

"சொல்லுங்க பெரியப்பா," என்றாள். "கண்ணாடியில ஆவி படிஞ்சதுலேர்ந்து ஆரம்பிங்க."