பாஸ் இல்லாத மூன்று பேர்

பரிசலிலிருந்து முதலில் இறங்கியது ஒரு குடை. அதன் அடியில் இரண்டு கண்கள்.

குமாரசாமி அவளிடம் முதலில் பார்த்திருக்க வேண்டியது பிளேக் பாஸ். சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஐப்பசி மழையில் காவிரி செம்மண் நிறமாய்ப் புரண்டுகொண்டிருந்தது... பரிசல் சாய்ந்தது... குடை ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போகப் பார்த்தாள். அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவள் கையைப் பிடித்துக் கரையேற்றினான். அவளுடைய தகரப் பெட்டியையும் அவனே தூக்கி வந்தான். கொட்டகைக்குள் வந்த பிறகுதான் தான் யாரென்பது அவன் நினைவுக்கு வந்தது.

"பாஸ் எங்கே?"

"இல்லீங்க."

"ஏன் இல்லே?"

"பாஸ் எழுதிக் குடுக்கற ஐயாவுக்கே காய்ச்சலுங்க..."

அது 1926. ஆற்றுக்கு மேற்கே சில ஊர்களில் எலி செத்து விழுகிறது, பிளேக் பரவுகிறது என்று செய்தி. அங்கிருந்து பள்ளிபாளையம் துறைக்கு வருகிறவர்கள் நோயில்லை என்று எழுதிய பாஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் கரையோரக் கொட்டகையில் பத்து நாள் இருக்க வேண்டும். சானிடரி இன்ஸ்பெக்டர் குமாரசாமிக்கு இருபத்துநாலு வயது, சொந்த ஊர் ஆத்தூர். வேலைக்கு வந்த ஆறு வாரத்தில் ஒருவரையும் சும்மா விட்டதில்லை. போன வாரம் ஒரு ஜமீன்தாரின் மாமனார் கொட்டகையில் பத்து நாள் கஞ்சி குடித்துவிட்டு, அவன்மேல் புகார் எழுதிப்போட்டுப் போயிருந்தார். அந்தப் புகாரின் நகலைக் குமாரசாமி மடிப்புக் கலையாமல் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

அவள் ஈரக் கையால் ஒரு காகிதத்தை நீட்டினாள். பெயர் முத்தாயம்மாள். பிரசவம் பார்க்கும் நர்ஸ் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவள். திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் வேலை, அதுவும் முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று புதன்.

"திங்கக்கிழமை போய்ச் சேரலீன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

"சட்டத்துல திங்கட்கிழமையைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த இமைகள்... அதற்குக் கீழே நெருப்பு. மழையும் நெருப்பும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று யோசித்தபடி அவன் நோட்டைத் திறந்தான்.

அவளோடு பாவாயி என்ற நடுவயதுக்காரியும் வந்திருந்தாள். கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போகிறவள். பாஸ் மட்டுமல்ல, எந்தக் காகிதமும் அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை. கொட்டகைமேல் மழை சடசடத்தது. கூட வந்தது யார் என்று அவன் கேட்டதற்குப் பாவாயி முத்தாயம்மாளைத் திரும்பிப் பார்த்து, "சொல்லு சாமி" என்றாள். இந்தப் பக்கத்தில் கூப்பிடுவதற்குத் தாத்தாவும் சாமி, தொட்டில் பிள்ளையும் சாமி. ஆத்தூரில் அப்படியில்லை; மழைச் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததும் 'சாமி' மட்டும்தான். குமாரசாமி அச்சடித்தாற்போன்ற எழுத்தில் எழுதினான்: மூன்றாவது ஆள், சாமி. ஆண். வயது தெரியவில்லை.

மழை விட்டதும் எண்ணிப் பார்த்தான். இரண்டு பேர்தான். ஹெல்த் ஆபீசர் கையெழுத்து இல்லாமல் நோட்டில் ஒரு புள்ளியைக்கூட அடிக்கக்கூடாது. அடிக்கவில்லை. மறுநாள் உடல்நிலைக் கட்டத்தில், 'முத்தாயம்மாள் சுகம், பாவாயி சுகம், சாமி தென்படவில்லை' என்று எழுதி வைத்தான்.

தினம் காலையில் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினாள். அதில் கொஞ்சம் பழிப்பும் கலந்திருந்ததாக அவனுக்குத் தோன்றியது. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. சாயங்காலமும் ஒருமுறை பார்த்தான். அதைச் சட்டம் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை.

சனிக்கிழமை ஹெல்த் ஆபீசர் மோட்டாரில் வந்து இறங்கினார். கையில் ஓர் உத்தரவு. திருச்செங்கோட்டுப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. நர்ஸ் மட்டும் போகலாம், மற்றவள் இருக்கட்டும். இப்படிப்பட்ட திறமைசாலியைச் சட்டம் பிடித்து வைத்தால் ஊருக்குத்தான் நஷ்டம், திருச்செங்கோட்டில் பிரசவத்துக்கு ஆளில்லாமல் பெண்கள் தவிக்கிறார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. அவள் கண்கள் ஒரு நொடி கலங்கின... குமாரசாமி தரையைப் பார்த்தான். விலக்கு என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. அவள் போய்விடுவாள் என்பது அதைவிட ஆகவில்லை.

"பாவாயக்கா?" என்றாள் அவள்.

"அந்தம்மா என்ன படிச்சிருக்கு?" என்றார் ஆபீசர்.

"படிச்சவளைக் கடிக்கக்கூடாதுன்னு நோய்ப் பூச்சிக்கு யாரு சொல்லி வெச்சிருக்கறாங்க?" அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அந்தக்கா கையில நோய் இருந்தா கடலைக்காய்க்கு ஒண்ணும் ஆகாதுங்க. என்ற கையில இருந்தா, பொறக்கற கொழந்தைக்குத்தானுங்களே முதல்ல போகும்? விடறதுன்னா ரெண்டு பேரையும் விடுங்க. இல்லீன்னா ரெண்டு பேரும் இருக்கறோம்."

திங்கட்கிழமை போனால் வேலையும் போகும் என்று ஆபீசர் நினைவூட்டினார். தெரியுமுங்க என்றாள். சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள், எழுந்தால் மனசு மாறிவிடும் என்பதுபோல.

ஆபீசர் எரிச்சலில் நோட்டைப் புரட்டினார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது. பாஸ் இல்லாத ஓர் ஆண்பிள்ளை மூன்று நாளாகத் தென்படவில்லை என்றால், இன்ஸ்பெக்டருக்கு இங்கே என்ன வேலை? சாமி என்றால் ஆளில்லை, அது கூப்பிடும் வழக்கம் என்பது குமாரசாமிக்கு வெள்ளிக்கிழமையே புரிந்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

முத்தாயம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சாமி இவருதானுங்க. குமாரசாமி. அன்னைக்கி என்ற கையைப் பிடிச்சு எறக்கினாரு, பொட்டியத் தூக்கினாரு. தொட்டவங்களும் உள்ளார இருக்கோணுமுன்னு அந்த அட்டையில போட்டிருக்குதுங்களே?"

போட்டிருந்தது. கொட்டகை வாசலில் தொங்கிய அந்தச் சட்ட அட்டையை எழுதி மாட்டியவனே குமாரசாமிதான். ஆபீசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ சர்க்கார் உத்தியோகஸ்தன்ப்பா. உனக்கு ஒரு விலக்கு எழுதிடறேன், விடு."

குமாரசாமி கொட்டகையின் தட்டிக் கதவைப் பார்த்தான். அதன் பின்னால் அந்தக் கண்கள்... சிரிக்கின்றனவா, கேட்கின்றனவா?

"வேண்டாம் சார்."

கொட்டகைக்குள் நுழைந்த நாளிலிருந்து பத்து நாள் என்று கணக்கு. அவன் இடத்துக்கு ஒரு கிழட்டுக் கம்பவுண்டர் வந்தார். அவர் கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார். தர்மாமீட்டரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். பரீட்சை தேறிய ஆள் உள்ளேயே இருந்ததால், மூன்று பேரையும் பார்க்கும் வேலை முத்தாயம்மாளுக்கு வந்தது.

நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர்கள். பேச்சுக்குத் தட்டி ஏது? ஆத்தூர்க்காரர் வீட்டை 'ஊடு' என்று சொல்லப் பழக வேண்டும் என்று பாவாயி பாடம் எடுத்தாள். அவன் 'வூடு' என்றான். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் இன்னும் ஐந்தடி தள்ளிப் போனார்.

திங்கட்கிழமை வந்தது. முத்தாயம்மாள் அன்று ஆற்றுப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். போகாத வேலையின் முதல் நாள்... அன்றைக்குத்தான் கம்பவுண்டர் வாய் தவறி உளறினார். இன்ஸ்பெக்டர் ஞாயிற்றுக்கிழமையே அவளுக்காக ஆஸ்பத்திரிக்குக் காகிதம் எழுதிவிட்டாராம்.

அவள் தட்டியருகே வந்தாள்.

"எனக்கு மட்டும் விலக்குக் கேட்டீங்களா?"

"அது வந்து..."

அவள் தர்மாமீட்டரை அவன் வாயில் வைத்துவிட்டாள். அதன்பின் மூன்று நாளும் அவன் வாயைத் திறக்கப்போன போதெல்லாம் தர்மாமீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், சானிடரி சர்வீஸிலேயே இவ்வளவு துல்லியமாக உஷ்ணம் பார்க்கப்பட்ட மனிதன் வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

வியாழனன்று பதில் வந்தது. பெரிய டாக்டர் அவளுக்கே எழுதியிருந்தார். 'நர்ஸானாலும் கடலைக்காய் பறிக்கிறவளானாலும், சட்டம் பத்து நாள் பிடித்து வைத்தால் அவர்கள் வேலையும் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிய நியாயம் யோசிக்கத்தக்கது. இப்போது அதற்கு அவசியம் நேரவில்லை. உமக்குப் பதிலாகப் புறப்பட்ட நர்ஸும் பாஸ் இல்லாமல் வேறொரு துறையில் பிடிபட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை நீரே வந்து சேரவும்.'

இரண்டு தரம் படித்தாள். கடலைக்காய் என்ற இடத்தில் விரல் நின்றது... அன்று சாயங்காலம் அவன் உஷ்ணத்தைப் பார்க்க அவள் வரவில்லை. அவள் முகம்தான் சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தாம் நாள். பாவாயி வெளியில் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். கடலைக்காட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள், அவளுக்கும் கூலி வேலை காத்திருந்தது. குமாரசாமிக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முத்தாயம்மாள் வண்டிவரைக்கும் போனவள், திரும்பித் தட்டியருகே வந்தாள்.

"ஏனுங்க... ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கி ஆபீசரு விலக்குக் குடுத்தாரே, ஏன் வேண்டாம்னு போட்டீங்க? சட்டத்துக்காகத்தானுங்களா?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு வாரத்துப் பெருமையும் அதைத்தான் சொல்லச் சொன்னது.

"இல்லே."

"பின்னே?"

"நீங்க உள்ளே இருந்தீங்களே..."

அவள் தலை குனிந்தாள். தட்டியின் இடுக்கில் இருந்த அவன் விரல்களுக்குப் பக்கத்தில் அவள் விரல்கள் வந்து நின்றன... தொடவில்லை. தொட்டால் இன்னும் பத்து நாள்.

"எங்கப்பா திங்கக்கிழமை திருச்செங்கோட்டுக்கு வாராருங்க," என்றாள். "பாஸோட."

"திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கும் விடுதலை. நான்... வரலாமா?"

பாவாயி வண்டியிலிருந்து கூப்பிட்டாள். முத்தாயம்மாள் இரண்டடி போய்த் திரும்பினாள். கன்னம் சிவந்திருந்தது.

"மத்தவங்க கேட்டா வரவேண்டாம்னுதானுங்க சொல்லியிருப்பேன்," என்றாள். "உங்களுக்கு மட்டும் விலக்கு."