ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

கணினித் திரையில் ஐந்தாவது குறிப்புக்கும் ஆறாவது குறிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் கிடந்தது. கிடக்கக் கூடாது. மறைத்து வைத்த எச்சரிக்கைப் பெட்டி இணையப் பக்கத்தில் இடம் பிடிக்காது. அது இருந்த சுவடே தெரியாமல் கீழே உள்ள எழுத்து மேலேறி ஒட்டிக்கொள்ளும். ஏழு வருஷமாக இதே வேலையில் கண் பூத்துப்போனவளுக்கு இது தெரியாதா என்ன?

லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் கைபேசியில் திறந்து படிக்கிற வழிகாட்டி அது. மற்றவர்கள் எழுதிப் போடுவார்கள். பட்டனைத் தட்டினால் மென்பொருள் அதை இணையப் பக்கங்களாக்கிக் கொடுக்கும். தலைப்பின் நிறம், எழுத்தின் அளவு, எச்சரிக்கைகளைச் சுற்றி வரும் மஞ்சள் பெட்டி என்று அலங்காரமெல்லாம் தனியாக ஒரு ஸ்டைல் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு அவள் பொறுப்பு. வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், பிரிவுத் தலைவி அவளை நடைபாதையில் நிறுத்தினாள். அலுவலகமே தலைவியை அக்கா என்றுதான் கூப்பிடும்.

"குட்டி, நாளைக்குப் பெரியவங்க வந்து பார்க்கறாங்க. பக்கம் பூரா மஞ்சள் மஞ்சளா இருக்கு, காமாலை வந்த மாதிரி. அந்தப் பெட்டியை எல்லாம் ஒரு வாரத்துக்கு மறைச்சு வை."

ஒரே ஒரு வரிதான். எழுதினவர்களிடம் கேட்க வேண்டாம், ஒரு எழுத்தையும் அழிக்க வேண்டாம். எச்சரிக்கை என்று பெயர் வைத்த எதையும் காட்டாதே என்று கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தால் முந்நூறு பக்கத்திலும் மஞ்சள் மாயமாகிவிடும். சேர்த்தாள். வாரம் போனதும் ஞாபகப்படுத்தினாள். அக்கா "பார்த்துக்கலாம்" என்றாள். மறுபடி கேட்டபோதும் அதேதான். அப்புறம் அவளும் வேறு வேலையில் மூழ்கிவிட்டாள்.

போன மாதம் ஒரு மெக்கானிக் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நின்ற கூட்டாளி கைபேசியைப் பார்த்து ஐந்தாவதைச் செய்தான்: மின்சாரத்தை மறுபடி கொடுக்கவும். உடனே ஆறாவதையும் செய்தான்: லிஃப்ட்டை உச்சிவரை ஓட்டிப் பார்க்கவும். நடுவில் வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. கூரை மேல் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் என்பதுதான் அது. கூரை மேல் நின்றவர் நசுங்கிச் செத்தார்.

நாளை மறுநாள் விசாரணை. நேற்றுதான் அக்காவின் போன் வந்தது. "நாளைக்கு லீவு, ஆபீஸ்ல ஈ காக்கா இருக்காது. நீ போய் அந்த வரியை எடுத்துடு. நான்தான் சொன்னேன்னு அவங்ககிட்ட நானே சொல்லிடறேன். உன்னை விட்டுக் கொடுப்பேனா?" அவளுடைய அம்மாவின் ஆபரேஷனுக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கூடவே உட்கார்ந்தவள் அக்கா. கூடப் பிறந்தவள்கூட அப்படி உட்காரவில்லை. நம்பாமல் என்ன செய்வாள்?

எட்டாவது மாடியில் அவள் மேஜைக்கு மேல் மட்டும் விளக்கு எரிந்தது. வெளியே மூடாக்குப் போட்ட மதியம். ஏசி ஓடாத அறையில் தரைவிரிப்பின் புழுக்க வாடை. அதற்கு அடியில், வந்ததிலிருந்தே, லேசாகக் கிரீஸ் நாற்றம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் லிஃப்ட்டின் இரும்புக் கயிறு அவ்வப்போது முனகி அடங்கியது.

வரியை அழித்தாள். பட்டனைத் தட்டினாள். முந்நூறு பக்கத்திலும் மஞ்சள் திரும்பி வந்தது.

இந்தப் பக்கத்தில் மட்டும் வரவில்லை. வெற்றிடம் இரண்டு விரலிலிருந்து ஒரு சாணாகியிருந்தது.

அப்போதுதான் பிரிவின் பொது மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. விசாரணைக் குழுவிலிருந்து, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தானாக வரும் பதில். அதற்குக் கீழே அக்கா இதே பெட்டியிலிருந்து அரை மணி முன்பு எழுதியது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகள் மறைக்கப்பட்டது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் என் அனுமதியில்லாமல் செய்தது. இன்று விடுமுறையில் தனியாக வந்து தடயத்தை அழிக்கிறாள். மாற்றங்களின் பதிவில் அவள் பெயரையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு முறை படித்தாள். அவளை வரவழைத்து, அவள் கையாலேயே அவள் கழுத்தில் சுருக்குப் போட வைத்துவிட்டாளே அக்கா! அழுகை வரவில்லை.

போன் அடித்தது.

"முடிச்சிட்டியா குட்டி? நான் கீழ வந்துட்டேன். பயப்படாதே, மேல வர்றேன். லைன்லயே இரு."

குரலில் அதே வெல்லம். போனைக் காதில் வைத்தபடியே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், அந்த வெற்றிடத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தாள். நீலம் படர்ந்தது. நீலத்துக்குள் எழுத்து இருந்தது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து.

கூரை மேல் ஆள் இருக்கிறார்.

அடுத்த வரியிலும் அதேதான். அடுத்ததிலும். கீழே இழுக்க இழுக்க அதே வரி. மூலக் கோப்பைத் திறந்து தேடினாள். அதில் அப்படி ஒரு வரி இல்லை.

போனில் லிஃப்ட் கதவு திறக்கும் மணிச் சத்தம் கேட்டது.

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். ஏறாதீங்க. நாக்கு நுனிவரை வந்தது. கடிதத்தைப் பார்த்தாள். என் அனுமதியில்லாமல்.

வாயை மூடிக்கொண்டாள்.

கதவு சாத்திக்கொண்டது. கயிறு முனகத் தொடங்கியது.

அவள் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளி லிஃப்ட்டின் முன்னால் போய் நின்றாள். கதவுக்கு மேலே எண்கள் ஏறின. இரண்டு. மூன்று. கிரீஸ் நாற்றம் மூக்கை அடைத்தது.

"யாரோ மேல தட்டறாங்க," என்றாள் அக்கா போனில்.

நான்கு.

"குட்டி? கேக்குதா? மேல யாரோ..."

ஐந்து. தட்டல் இப்போது அவளுக்கே கேட்டது. போனில் இல்லை. சுவருக்குள்ளிருந்து. நிதானமாக. ஆறு. இரும்பு மூடி கிறீச்சிட்டது. ஏழு. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த மூச்சு வெளியே வரவில்லை.

எட்டு.

கதவு திறந்தது.

அக்கா நின்றிருந்தாள். காதில் போன். தலை அசையவில்லை, கண் மட்டும் மேலே செருகியிருந்தது. கூரையின் மூடி திறந்து கிடந்தது. அந்த இருட்டிலிருந்து இரண்டு கால்கள் இறங்கி, கிரீஸ் அப்பிய பூட்ஸோடு, அக்காவின் இரண்டு தோள்களிலும் ஊன்றியிருந்தன.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

அக்காவின் உதடுதான் அசைந்தது. குரல் ஒரு ஆணுடையது.

ஒரு பூட்ஸ் தோளை விட்டு எழுந்தது. மெதுவாக, துழாவிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றவளின் தோளைத் தேடி நீண்டது.